சர்க்கரை நோயால் காலை இழந்த முன்னாள் ஹவில்தார்: ஊனச் சதவீதத்தை உயர்த்தவும் உதவியாளர் படி பெறவும் என்ன வழி?

நங்கநல்லூர் மருமகன்:

வணக்கம். என் மாமனாருக்காகக் கேட்கிறேன். மெட்ராஸ் ரெஜிமென்ட், 24 வருட சர்வீஸ். 2006-இல் பணிக்காலம் முடிந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றார். வெளியே வரும்போது மெடிக்கல் போர்டு இரண்டு நோய்களை எழுதியது. சர்க்கரை 20%, சர்வீஸால் மோசமானது என்று ஏற்கப்பட்டது. ரத்தக்கொதிப்பு 30%, சர்வீஸுக்குச் சம்பந்தமில்லை என்ற வழக்கமான 'நானா' முத்திரை. 20 சதவீதத்துக்கு மட்டும் டிசபிலிட்டி பென்ஷன் வருகிறது.

இப்போது இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வாரம் மூன்று டயாலிசிஸ். கண் பார்வையும் மங்கல். முழுநேரமும் ஒரு ஆள் தேவை. சதவீதத்தை உயர்த்தக் கேட்க முடியுமா? ஆள் வைக்கும் செலவுக்குத் தனிப் படி உண்டு என்கிறார்களே, அது யாருக்கு? ரத்தக்கொதிப்பு விஷயத்தை இத்தனை வருடம் கழித்துக் கிளற முடியுமா?

பரங்கிமலை பென்ஷனர்:

கேட்க முடியும். 2001 பிப்ரவரியில் வந்த பாதுகாப்பு அமைச்சக உத்தரவின்படி, நிரந்தரம் என்று எழுதப்பட்ட ஊனத்துக்கு அரசு தானாகத் திரும்பத் திரும்ப போர்டு வைக்காது. அந்தச் சதவீதம் ஆயுளுக்கும் நிற்கும். ஆனால் நோய் முற்றிவிட்டது என்று பென்ஷனரே எழுதிக் கேட்டால் மறுமதிப்பீட்டு போர்டு வைக்க வேண்டும். போர்டு ஏற்றவும் செய்யலாம், குறைக்கவும் செய்யலாம். உங்கள் மாமனாரின் நிலையில் குறையும் என்ற பயம் வேண்டாம்.

முதலில் கையில் இருக்க வேண்டியது 2006-இல் நடந்த ரிலீஸ் மெடிக்கல் போர்டின் நகல், அதாவது ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16 படிவம். வீட்டில் இல்லையென்றால் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் ரெக்கார்ட் ஆபீஸுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதி வாங்குங்கள். படைக்குச் சேர்ந்தபோது செய்த மருத்துவப் பரிசோதனைத் தாளையும், எந்தெந்த இடத்தில் எத்தனை காலம் பணி என்ற விவரத்தையும் அதே மனுவில் கேளுங்கள். பிறகு தேவைப்படும்.

இனி மிக முக்கியமான விஷயம். போர்டு ஏற்றிக் கொடுப்பது *ஏற்கப்பட்ட* நோயின் கணக்கில் மட்டுமே. உங்கள் வழக்கில் அது சர்க்கரை. கால் எடுத்தது சர்க்கரையால் வந்த புண் அழுகியதால் என்றால் சிக்கல் இல்லை. சிறுநீரகம்தான் சிக்கல். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ரத்தக்கொதிப்பால் சிறுநீரகச் செயலிழப்பு' என்று ஒரு வரி இருந்தாலே போதும், போர்டு அதை நானா நோயின் கணக்கில் தள்ளிவிடும். டயாலிசிஸ் மொத்தமும் மதிப்பீட்டுக்கு வெளியே போய்விடும்.

ஆகவே நெஃப்ராலஜி (சிறுநீரகத் துறை) டாக்டரிடம் காரணத்தைத் தெளிவாக எழுதி வாங்குங்கள். சர்க்கரையால் விழித்திரை கெட்டிருப்பதாகக் கண் டாக்டர் எழுதியிருந்தால், சிறுநீரகமும் சர்க்கரையால்தான் கெட்டது என்பதற்கு அது நல்ல துணை ஆதாரம். பழைய சிறுநீர்ப் பரிசோதனைகளில் ஆல்புமின் வருடா வருடம் ஏறிக்கொண்டே வந்திருந்தால் அந்தத் தாள்களையும் சேருங்கள். டாக்டர் உண்மையில் நம்புவதைத்தான் எழுதச் சொல்ல வேண்டும். ஆனால் 'நாள்பட்ட சிறுநீரக நோய்' என்று மொட்டையாக விடாமல் காரணத்தோடு எழுதச் சொல்வது உங்கள் உரிமை.

மனு ரெக்கார்ட் ஆபீஸுக்குப் பதிவுத் தபாலில் போகட்டும். பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கல் ஆணை) நகல், 2006 போர்டு நகல், அறுவைச் சிகிச்சைச் சுருக்கம், டயாலிசிஸ் பதிவுகள், கண் அறிக்கை ஆகியவற்றை இணையுங்கள். பரங்கிமலை மிலிட்டரி ஆஸ்பத்திரியில் போர்டு வைக்கும்படி மனுவிலேயே கேளுங்கள். டயாலிசிஸ் எந்தெந்தக் கிழமை என்பதையும் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அதே நாளில் தேதி விழும். போகாவிட்டால் 'ஆஜராகவில்லை' என்று கோப்பு மூடப்பட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

உதவியாளர் படி என்பது கான்ஸ்டன்ட் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ். 100% ஊனம் இருக்க வேண்டும், இன்னொருவர் துணை எப்போதும் தேவை என்று போர்டு பரிந்துரைக்க வேண்டும், அந்தத் தேவை ஏற்கப்பட்ட நோயாலேயே வந்திருக்க வேண்டும். 7வது ஊதியக்குழுவுக்குப் பின் 2017 ஜூலை 1 முதல் மாதம் 6,750 ரூபாய் என்று வைத்தார்கள். அகவிலைப்படி 50% ஏறும்போதெல்லாம் இந்தப் படி 25% உயரும். சதவீதத்தை உயர்த்தக் கேட்கும் அதே மனுவில் இதையும் தனிப் பத்தியாகக் கேளுங்கள். கேட்காவிட்டால் போர்டு அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டுவிடும். குளிப்பாட்டுவது, கழிப்பறைக்குக் கொண்டுபோவது, இன்சுலின் போடுவது என்று எது எதற்கு ஆள் தேவை என்பதை எழுதுங்கள். ஆளுக்குக் கொடுக்கும் சம்பளத்துக்கு மாதாமாதம் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

ஆவடி சட்ட உதவி:

மேலே சொன்னது எல்லாம் சரி. பணக் கணக்கையும் ரத்தக்கொதிப்பையும் நான் சொல்கிறேன்.

100% ஊனத்துக்கு ஊனக்கூறு (டிசபிலிட்டி பென்ஷனில் ஊனத்துக்காகத் தரும் பகுதி) என்பது கடைசியாகக் கணக்கில் கொள்ளும் ஊதியத்தில் 30%. உதாரணமாக, திருத்தப்பட்ட அடிப்படை 40,000, ராணுவப் பணி ஊதியம் 5,200, ஆக 45,200 என்று வையுங்கள். 100 சதவீதத்துக்கு 13,560. 75 சதவீதத்துக்கு 10,170. 50 சதவீதத்துக்கு 6,780. இதன்மேல் அகவிலை நிவாரணம் தனி. 20 சதவீதத்துக்கோ 2,712தான்.

இந்த 20% என்ற கணக்கே இன்று நிற்காது. 50-க்குக் கீழே உள்ளதை 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், 76 முதல் 100 வரை 100 ஆகவும் முழுமையாக்கும் முறை முதலில் நோயால் இடையில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் இருந்தது. 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம், பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் அது உண்டு என்றது. ஸ்பர்ஷ் என்ற ராணுவ பென்ஷன் இணையதளத்தில் பி.பி.ஓ.வைத் திறந்து 20 என்று இருக்கிறதா, 50 என்று இருக்கிறதா பாருங்கள். 20 என்றிருந்தால் அதுவே தனிக் கோரிக்கை, போர்டு வரை காத்திருக்கத் தேவையில்லை.

ரத்தக்கொதிப்பைக் கிளறலாம், கிளறியே ஆக வேண்டும். 2006-இல் ஓய்வு பெற்றவருக்கு டிசபிலிட்டி பென்ஷன் யாருக்கு என்று சொல்லும் 1982 உரிமை விதிகள்தான் பொருந்தும். 2013 தரம்வீர் சிங் தீர்ப்பு அந்த விதிகளின்மேல் நிற்கிறது: சேரும்போது உடலில் குறை இருந்ததாகப் பதிவு இல்லையென்றால், பின்னால் வந்த நோய் சர்வீஸால் வந்தது என்றே கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது. போர்டு காரணம் எழுதாமல் ஒற்றை வரியில் நானா என்று முடித்திருந்தால் உங்கள் பக்கம் வலுவானது. சேரும்போது நடந்த பரிசோதனைத் தாளை வாங்கச் சொன்னது இதற்குத்தான். காஷ்மீர், வடகிழக்கு, பனிமலைப் பணி இருந்தால் அந்தக் காலத்தைத் தேதியோடு எடுத்துக் காட்டுங்கள்.

பழைய நிராகரிப்பின் மீது முதல் மேல்முறையீடு, இரண்டாம் மேல்முறையீடு, அதன்பின் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை கிளை என்பது வரிசை. ஆறு மாதக் கெடு எப்போதோ போய்விட்டது. தாமத மன்னிப்பு மனுவோடு போக வேண்டும். பென்ஷன் மாதாமாதம் தொடரும் இழப்பு என்பதால் பெரும்பாலும் ஏற்பார்கள். ஆனால் 2008 தர்சேம் சிங் தீர்ப்பை வைத்து நிலுவையை மனுப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடங்களோடு நிறுத்துவார்கள். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாத நிலுவை கைவிட்டுப் போகிறது. அதனால் மறுமதிப்பீடு முடியட்டும் என்று இதை நிறுத்தி வைக்காதீர்கள். ரத்தக்கொதிப்பும் ஏற்கப்பட்டுவிட்டால், சிறுநீரகம் எதனால் கெட்டது என்ற தகராறே எழாது.

நங்கநல்லூர் மருமகன்:

மிக்க நன்றி ஐயா. அரசு ஆஸ்பத்திரியில் வாங்கிய மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் 90% என்று இருக்கிறது. அதை வைத்தே கேட்க முடியாதா? சென்னையில் நேரில் எங்கே போவது?

பரங்கிமலை பென்ஷனர்:

முடியாது. அந்த அட்டை பேருந்துச் சலுகை போன்ற மாநிலச் சலுகைகளுக்கு. ராணுவ பென்ஷனுக்கு ராணுவ மெடிக்கல் போர்டு போடும் எண் மட்டுமே செல்லும். இணைப்பாக வையுங்கள், அவ்வளவுதான். 90-ஐ முழுமையாக்கினால் 100 வருமே என்று உதவியாளர் படிக்கு அதை நம்பி இருக்கவும் வேண்டாம். போர்டே 100 என்று எழுதும்படி ஆதாரங்களைக் கொடுங்கள்.

ஸ்பர்ஷில் பெயர், பிறந்த தேதி, சதவீதம் தவறாக இருந்தால் தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் உள்ள பாதுகாப்புக் கணக்குக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்துக்குப் போங்கள். மனு எழுதவும், ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து பதில் வராவிட்டால் நினைவூட்டல் அனுப்பவும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உதவும். மாமனாரை அலைக்கழிக்க வேண்டாம். அவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம், அடையாள அட்டை நகல், பி.பி.ஓ. ஆகியவற்றோடு நீங்களே போகலாம். போர்டு நடக்கும் நாளில் மட்டும் அவர் நேரில் இருக்க வேண்டும். படுக்கையை விட்டு எழ முடியாத நிலை என்றால் அதை டாக்டர் சான்றோடு முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்கு எழுதித் தெரிவித்துவிடுங்கள்.