கண் பார்வை குறைவான பிள்ளையோட இங்கிலாந்து வர்றீங்களா? கொங்குப் பக்கத்துக்காரங்க கேள்விக்குப் பதில்

கேள்வி, கோபிச்செட்டிபாளையம்: ஏனுங்க, வீட்டுக்காரருக்கு ஸ்கில்டு ஒர்க்கர் விசா வந்துருச்சு. மகளுக்கு 14 வயசு. மாலைக்கண்ணுன்னு ஆரம்பிச்சது, இப்ப ஓரப்பார்வையும் சுருங்கிட்டு வருதுங்க. அவ படிப்புக்கு அங்க அரசாங்கம் பணம் தருமுங்களா?

பதில்: அக்கா, பணமா உங்க கைக்கு வராதுங்க. படிப்புக்கான உதவியா பள்ளிக்கூடத்துக்குள்ளயே வரும்.

உங்க விசாவுல 'நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்'னு ஒரு நிபந்தனை இருக்கும். அரசாங்கம் பட்டியல் போட்டு வெச்சிருக்கற உதவித்தொகை எதையும் வாங்கக் கூடாதுன்னு அர்த்தம். மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை, அதாவது 16 வயசுக்குள்ள இருக்கறவங்களுக்கான டிஎல்ஏ, அதுக்கு மேல பிப், ரெண்டும் அந்தப் பட்டியல்ல வருது. "போட்டுத்தான் பாருங்களேன்"னு யாராச்சும் சொல்லுவாங்க. போடாதீங்க, விசா நிபந்தனையை மீறினதா ஆயிரும்.

இதுக்குப் பயந்து பள்ளிக்கூடத்துலயும் வாயே திறக்காம இருக்கற நம்மாளுக நிறைய. அது வீண் பயம். பள்ளிப் படிப்பும் அதோட வர்ற உதவியும் அந்தப் பட்டியல்லயே இல்ல. சேர்க்கும்போதே கண்ணு விஷயத்தைச் சொல்லிருங்க. பார்வைக் குறைபாட்டுக்குன்னே பயிற்சி எடுத்த டீச்சர் உண்டு, கியூடிவிஐம்பாங்க. பெரிய எழுத்துப் பாடம், திரையைப் படிச்சுக் காட்டற மென்பொருள், பரீட்சையில கூடுதல் நேரம்னு என்ன வேணும்னு அவங்க பார்த்துச் சொல்லுவாங்க. ஓரப்பார்வை போறதுனால குச்சி பிடிச்சுத் தனியா நடக்கற பயிற்சியையும் இப்பவே கேளுங்க. "எம்மக அந்தளவுக்கு இல்லீங்க"ன்னு கௌரவம் பார்க்க வேண்டாம்.

பள்ளிக்கூடம் தன் கையில இருக்கறத வெச்சுச் சமாளிக்க முடியலைன்னா கவுன்சில்ல (உள்ளாட்சி) இஎச்சி பிளான் கேளுங்க. பிள்ளைக்கு என்னென்ன உதவி தரணும்னு சட்டப்படி எழுதித் தர்ற திட்டம் அது. பெத்தவங்களே எழுதிக் கேக்கலாம். மதிப்பீடு பண்றதா வேண்டாமான்னு 6 வாரத்துல சொல்லணும், மொத்தமும் 20 வாரத்துல முடியணும்ங்கறது சட்டம். இழுத்தடிக்கற கவுன்சிலும் உண்டு, எல்லாத்தையும் எழுத்துல வெச்சுக்கோங்க. 25 வயசு வரைக்கும் நீட்டிக்கலாம், ஆனா யுனிவர்சிட்டிக்குச் செல்லாது.

நம்மூரு யுடிஐடி கார்டை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) வெச்சு, பார்வைக் குறைபாடு உள்ளவங்கன்னு இங்க பதிவு பண்ண முடியாது. ஜிபி (குடும்ப டாக்டர்) மூலமா ஆஸ்பத்திரி கண் டாக்டரைப் பார்த்து, அவர் சிவிஐங்கற பார்வைக் குறைபாட்டுச் சான்றிதழ்ல கையெழுத்துப் போடணும். அதனால கோயமுத்தூர்ல அரவிந்த், சங்கரா எங்க காட்டியிருந்தாலும் ஃபீல்டு டெஸ்ட் (ஓரப்பார்வைச் சோதனை), ஓசிடி (விழித்திரை ஸ்கேன்) ரிப்போர்ட்டெல்லாம் பழசுல இருந்து வாங்கிட்டு வாங்க.

கேள்வி, அதே அக்கா: காலேஜுக்குங்க?

பதில்: டிஎஸ்ஏன்னு, குறைபாட்டால ஆகற கூடுதல் படிப்புச் செலவுக்கு அரசாங்க உதவி ஒண்ணு இருக்கு. திருப்பிக் கட்ட வேண்டாம், குடும்ப வருமானமும் பார்க்கறதில்ல. 2025-26க்கு உச்சவரம்பு 27,783 பவுண்ட். கம்ப்யூட்டர் வாங்கினா முதல் 200 பவுண்ட் நம்ம கைக்காசு. ஆனா பொதுவா நிரந்தரமா இங்க தங்கற அனுமதியும், அதுக்கு முன்னால 3 வருஷம் இங்க இருந்திருக்கறதும் வேணும். மகளுக்கு 18 ஆகறப்ப உங்க விசா எந்த நிலைமையில இருக்கும்னு இன்னைக்கே கணக்குப் போட்டுருங்க.

கேள்வி, பெருந்துறை: தம்பிக்கு ரெண்டு கண்ணும் தெரியாதுங்க. எம்எஸ்சிக்கு ஸ்டூடண்ட் விசாவுல வர்றான்.

பதில்: அவருக்கு டிஎஸ்ஏ கிடைக்காதுங்க. ஆனா 2010 சமத்துவச் சட்டப்படி யுனிவர்சிட்டி தகுந்த ஏற்பாடு செஞ்சு தரணும், வெளிநாட்டு மாணவருக்கும் அது பொருந்தும். ஆஃபர் வந்ததுமே அங்க இருக்கற டிசெபிலிட்டி ஆபீசுக்கு மெயில் போடுங்க. என்ன தருவாங்கன்னு எழுத்துல வாங்கினதுக்கு அப்புறம் ஃபீஸ் கட்டுங்க. மத்திய அரசோட நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப் மாற்றுத்திறனாளிகளுக்குன்னு தனியா இருக்கு, முதுகலைக்கும் பிஎச்டிக்கும். நாடு முழுக்க வருஷம் 20 பேருக்குத்தான். அதுக்கு யுடிஐடி கார்டு கையில இருக்கட்டும்.

ஸ்காட்லாந்து, வேல்ஸ் போறவங்க: இஎச்சி பிளான் அங்க கிடையாது, முறையே வேற. அந்தூரு கவுன்சில்ல கேட்டுக்குங்க.