கனிமக் கார்பன்: பெருஞ்சிப்பி உறிஞ்சுகிறதா, ஊட்டுகிறதா?

அன்புள்ள குழுவினருக்கு,

வெள்ளிக்கிழமைக்குள் பாடத்தை ஒப்படைக்க வேண்டும். பெருஞ்சிப்பி, தன் உடலில் வாழும் கூட்டுயிர்ப் பாசிக்குக் கார்பன் சேர்க்கும் பத்தி மட்டும், அச்செயலுக்குத் தமிழ்ப்பெயர் முடிவாகாததால் நிற்கிறது. கார்பன் டை ஆக்சைடு, பைகார்பனேட் போன்ற கனிம வகைகளில் உள்ள கார்பனே இங்கு பேசப்படுவது. கார்பனைக் கரிமம் எனக் கொண்டு, 'கனிமக் கரிமம் உறிஞ்சல்' போதும் என்று ஐயா எழுதியிருந்தார். கரிம வேதியியலையும் கனிம வேதியியலையும் எதிரெதிராகப் படித்த மாணவருக்கு அத்தொடர் முரணாகவே படும். இலங்கைப் பாடநூல்களின் 'அசேதனக் காபன்' இச்சிக்கலில் விழவில்லை. அம்மா முன்வைத்த 'உயிரிலிக் கரிமம்' கேட்க இனியது. ஆயினும், சிப்பி சுவாசித்து வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடும் கனிம வகையே என்பதால் பொருள் பிழைபடுகிறது. ஆகவே 'கனிமக் கார்பன்' என்கிறேன்.

'உறிஞ்சல்' என்பதில்தான் என் மனம் ஒப்பவில்லை. கடல்நீரில் கரைந்த கனிமக் கார்பனில் ஏறத்தாழ 90 விழுக்காடு பைகார்பனேட். செவுள் வழியே உடல்நீர்மத்தில் சேரும் கனிமக் கார்பன், மேன்டில் எனும் சதைப்போர்வையை அடைகிறது. பாசிகள் அங்கே, பவள உயிரிகளில் உள்ளதுபோல உயிரணுக்களுக்குள் அல்லாமல், இரைப்பையிலிருந்து கிளைத்துவரும் நுண்குழாய்களில் வாழ்கின்றன. குழாய்ச்சுவரின் உயிரணுக்கள் ஹைட்ரஜன் அயனிகளை உள்ளே இறைத்து அமிலத்தன்மையைக் கூட்ட, கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதியின் துணையால் பைகார்பனேட், பாசி எளிதில் ஏற்கும் கார்பன் டை ஆக்சைடாகிறது. ஆற்றலைச் செலவிட்டுச் செய்யும் இவ்வேலையை 'ஊட்டல்' என்பதே தகும்.

அன்புள்ள தம்பி,

'ஊட்டல்' நன்று, 'கார்பன்' வேண்டா. கரி என்னும் வேர் நம்மிடமே இருக்க, 'கரியூட்டல்' என்று சுருங்கச் சொல்லலாமே. சிப்பிக்கும் பழஞ்சொல் உண்டு: தொல்காப்பிய மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிராகவும், நந்து எனும் நத்தையையும் முரளையும் ஈரறிவுயிராகவும் வகுக்கிறது, முரள் என்பது இப்பி. 'பெருமுரள்' என்று எழுதிப் பாருங்கள்.

அன்புள்ள ஐயா,

முரள் பற்றிய குறிப்பு மகிழ்வளித்தது. ஆயினும் அதை விளக்கவே தனிப்பத்தி வேண்டும். 'கரியூட்டல்' என்று வகுப்பில் உரக்கப் படித்தால் 'எரியூட்டல்' என்றே காதில் விழுகிறது; ஈமச்சொல்லின் நிழல் பாடத்தில் படிய வேண்டா.

இருவருக்கும்,

பாசியும் ஒளிச்சேர்க்கையில் ஆக்கும் உணவைச் சிப்பிக்கு அளிக்கிறது. வெறுமனே 'ஊட்டல்' என்றால் யார் யாருக்கு ஊட்டுவது? 'கனிமக் கார்பன் வழங்கல்' என்பதே என் கருத்து. அதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

அம்மா, எழுதியவர்களுள் பெரும்பாலோர் 'கனிமக் கார்பன் ஊட்டல்' என்றே சொல்லிவிட்டனர். தங்கள் வினாவுக்காக, 'பாசிக்குச் சிப்பி செய்யும்' என்பதை முன்னே சேர்த்து இன்றிரவு அனுப்புகிறேன்.