இண்டியம் ஒட்டு ஒரு மூலையில் மட்டும் விட்டுப்போகிறது

அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி வேண்டும். மீக்கடத்திக் குவாண்டம் கணினிக்குக் கியூபிட் (அதன் அடிப்படைத் தகவல் அலகு) சிப்பையும் வயரிங் சிப்பையும் முகத்துக்கு முகம் வைத்து இண்டியம் என்ற மென்மையான உலோகத்தின் புடைப்புகளால் ஒட்டுகிறார்களே, அதன் பெரிய மாதிரியை இறுதியாண்டு புரொஜெக்டுக்காக ஹட்டனில் வீட்டிலேயே செய்கிறேன். மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

செம்புத் தடம் போட்ட இரண்டு கண்ணாடித் துண்டுகள், 20 மில்லிமீட்டர் சதுரம். 1 மில்லிமீட்டர் இண்டியம் கம்பியை நறுக்கி 16 புள்ளி வைத்தேன். அழுத்தியதும் மீட்டரில் எல்லாமே தொடர்பு காட்டும். மாட்டுக்குச் சினை ஊசி போடுபவரிடம் கெஞ்சி வாங்கிய திரவ நைட்ரஜனில் இறக்கினால், வலது மூலையில் நாலு புள்ளி விட்டுப்போகும். பிரித்துப் பார்த்தால் அந்த நாலிலும் மங்கிய சாம்பல் தோல்; மற்றவை கிழிந்து பளபளக்கின்றன.

ஆய்வகங்களில் இண்டியத்தின் மேல் காற்றுப் பட்டுப் படியும் ஆக்சைடைப் பிளாஸ்மாவால் (மின்னேற்றிய வாயுவால்) நீக்குவார்கள். எனக்கு அந்த வசதி இல்லை, ஐதான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முக்கிக் கழுவினேன். 100 பாகை வரை சூடாக்கினேன் (இண்டியம் உருகுவது 156 பாகைக்கு மேல்). எடையைக் கூட்டினேன். அப்புறம் கண்ணாடியையே திருப்பி வைத்தேன். பழுது அதே வலது பக்கம்தான். இங்கே விடாத மழை, கழுவி ஒட்டுவதற்குள் ஐந்து நிமிடமாவது ஈரக்காற்றில் கிடக்கிறது.

அந்த மூலை சரியாக நசுங்கவில்லை என்றே நினைக்கிறேன். பெரிய கருவி இல்லாமல் இரண்டு துண்டையும் சமாந்தரமாக அழுத்துவது எப்படி?