தொய்வில் விழும் கடி: சாஃப்ட் ஜெர்க்பெய்ட்டில் பாஸ் பிடித்தவர்கள் பேசுகிறார்கள்

பாஸ் மீன் பிடிக்க வீசும் ஃப்ளூக், ஸ்லக்-கோ வகை ரப்பர் ஜெர்க்பெய்ட்டுகளைப் பற்றி, அதாவது சுண்டிச் சுண்டி இழுக்கும் சின்ன மீன் வடிவ லூர்களை (செயற்கை இரைகளை)ப் பற்றி, ஆளுக்கொரு துண்டாகப் பேசிக்கொண்டே இருக்கிறோம். ஒரே இடத்தில் சேர்த்து வைப்போம். எந்த நிறம், எத்தனையாம் நம்பர் தூண்டில் முள் என்பதோடு நிறுத்திவிடாமல், பாஸ் அதை எப்படி வந்து எடுத்தது, அந்த நேரத்தில் உங்கள் கை என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் எழுதுங்கள். இந்த லூரில் விஷயமே அங்கேதான் இருக்கிறது.

நானே தொடங்குகிறேன். பாஸ் முட்டையிட்டு முடித்த பருவம், தண்ணீர் 21 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தது. கரையிலிருந்து ஏரிக்குள் சாய்ந்து கிடந்த ஒரு மரத்தின் கிளைகளுக்கு நடுவே குஞ்சுகள் கருப்பாகத் திரண்டு நகர்ந்துகொண்டிருந்தன. லார்ஜ்மவுத் வகை பாஸில் குஞ்சுகளைக் காவல் காப்பது ஆண்தான். அது கண்ணில் படவில்லை, ஆனால் பக்கத்தில் எங்கோ இருக்கும் என்று தெரியும். எடை எதுவும் சேர்க்காத ஐந்து அங்குல வெள்ளை ஃப்ளூக்கைக் கூட்டத்தைத் தாண்டி வீசி, இரண்டு சுண்டு சுண்டிவிட்டு அப்படியே விட்டேன். அது பக்கவாட்டில் வெட்டிப் பாய்ந்து, குஞ்சுகளின் ஓரத்தில் தலையைத் தாழ்த்தாமல் படுத்த நிலையிலேயே மெதுவாக இறங்கியது. வால் மட்டும் லேசாக நடுங்கியது. கிளையின் அடியிலிருந்து ஒரு பச்சை முதுகு வந்தது. அடுத்த நொடி அந்த வெள்ளை அங்கே இல்லை. கையில் எந்தத் தட்டலும் இல்லை, லைனும் அசையவில்லை. வெள்ளை மறைந்தது ஒன்றுதான் அடையாளம். தொய்வைச் சுருட்டி ராடைப் பக்கவாட்டில் இழுத்ததும் பாரம் தெரிந்தது. மீனைப் படகில் வைத்துக்கொண்டு படம் எடுக்கவில்லை. காவல் இல்லாத குஞ்சுகளை ப்ளூகில் மீன்கள் உடனே வந்து தின்ன ஆரம்பித்துவிடும். அதனால் தண்ணீரிலேயே முள்ளைக் கழற்றி விட்டேன், நேராக மரத்தடிக்கே போனது.

அப்போதிருந்து தெளிந்த தண்ணீரில் எனக்கு வெள்ளைதான் முதல் தேர்வு. மீனுக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, எனக்குத் தெரிய வேண்டும். தண்ணீரின் பளபளப்பைக் குறைக்கும் போலராய்டு கண்ணாடி இல்லாமல் இதை வீசுவது பாதிக் குருட்டுத்தனம்.

அசைவைப் பற்றி ஒன்று. இந்த லூருக்கு உதடும் (தண்ணீரைத் தள்ளி லூரை ஆட்டும் முன்தகடு) கிடையாது, எடையும் கிடையாது. லைன் இறுக்கமாக இருக்கும்வரை அது உங்களை நோக்கி நேராகத்தான் வரும். சுண்டிய மறுகணம் ராட் முனையை லூரின் பக்கம் திருப்பிக் கொடுத்தால்தான் அதன் மூக்கு விடுபட்டு இடமோ வலமோ திரும்பும். சுண்டுவது பாதி வேலை, தொய்வு கொடுப்பது மீதி.

* * *

அண்ணா, அந்தத் தொய்வு விஷயம் ஓடும் தண்ணீரில் கொஞ்சம் மாறும். நான் பெரும்பாலும் ஆற்றில் ஸ்மால்மவுத் வகை பாஸுக்கு வீசுகிறவள். அங்கே நீரோட்டமே லைனை வில்லாக வளைத்துவிடும். தொய்வு கொடுக்கிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், உண்மையில் லூர் அந்த வளைவின் பின்னால் இழுபட்டுக்கொண்டிருக்கும். அதனால் ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்வாக வீசி, வளைவை மட்டும் எடுத்துவிடும் அளவுக்குச் சுருட்டி, பிறகு சுண்டுகிறேன்.

டெக்சாஸ் முறையில் முள்ளை மறைத்துக் குத்துவதில்லை. நாலு அங்குல உடல், 1/0 அளவு ஆக்டோபஸ் வகை முள், மூக்கில் கீழிருந்து மேலாக ஒரே குத்து. பாசி இல்லாத கல் தரையில் முள்ளை ஒளிக்கத் தேவையே இல்லை. உடலில் முள் ஓடாததால் லூர் இரண்டு மடங்கு துள்ளும். மூக்கு சீக்கிரம் கிழிந்துவிடும், அது உண்மை. கிழிந்த மூக்கில் ஒரு சொட்டு சூப்பர் க்ளூ வைத்தால் இன்னும் சில மீன்களுக்குத் தாங்கும்.

ஒருநாள் பெரிய பாறைக்குப் பின்னால் ஓட்டம் மெதுவாகும் இடத்தில் வீசினேன். மூன்று ஸ்மால்மவுத் சேர்ந்து பின்னால் வந்தன. நான் நிறுத்தியதும் மூன்றும் நின்றன. முன்னால் வந்தது மூக்கு உரசும் தூரம் வந்து, கண்ணை உருட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. லார்ஜ்மவுத் என்றால் இன்னும் காத்திருந்திருப்பேன். இவற்றிடம் அது செல்லாது. குறுகலாக, வேகமாக, நாலைந்து முறை சுண்டினேன், லூர் தப்பித்து ஓடுகிற மாதிரி. பின்னால் நின்ற மூன்றாவது மீன் மற்ற இரண்டையும் இடித்துக்கொண்டு வந்து எடுத்தது. போட்டி இருக்கும் இடத்தில் பொறுமை காட்டினால் மீன்கள் யோசிக்க ஆரம்பித்துவிடும். ஸ்மால்மவுத்துக்கு யோசிக்க நேரம் தரக்கூடாது என்பது என் கட்சி.

* * *

வணக்கம். புதிதாக ஆரம்பித்திருக்கிறேன். எனக்கு லூர் பாய்வதே இல்லை. சுண்டினால் திருகாணி மாதிரி சுற்றிக்கொண்டு வருகிறது, கொஞ்ச நேரத்தில் லைன் முழுக்க முறுக்கு ஏறிவிடுகிறது. ராடில் பிரச்சினையா, முள்ளிலா?

* * *

தம்பி, ராடை விடுங்கள். தொண்ணூறு சதவீதம் கோர்ப்பதில்தான் இருக்கும். உடல் ஒரு மில்லிமீட்டர் வளைந்து உட்கார்ந்தாலும் அது சுழலும்.

நான் கோர்க்கும் விதத்தை அப்படியே எழுதுகிறேன். ஐந்து அங்குல உடலுக்கு 4/0 அளவு வைட் கேப் முள், அதாவது கண்ணுக்கு (லைன் கட்டும் துளைக்கு)ப் பக்கத்தில் படிபோல வளைவு உள்ளது. முனையை மூக்கின் நட்ட நடுவில் வைத்து அரை அங்குலத்துக்கும் குறைவாக உள்ளே செலுத்தி, தாடைக்கு அடியில் வெளியே எடுங்கள். முள்ளை இழுத்து, கண் மூக்குக்குள் புதையும்போது அரை வட்டம் திருப்புங்கள். இப்போது முனை வயிற்றைப் பார்க்கும். இனிமேல்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். குத்தாதீர்கள். லூரை மூக்கைப் பிடித்துத் தொங்கவிட்டு, முள்ளை உடலின் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, முள்ளின் வளைவு வயிற்றில் எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்து அங்கே நகத்தால் ஒரு கோடு கிள்ளுங்கள். அந்தக் கோட்டில் நேர் மேலாகக் குத்தி முதுகு வழியாக வெளியே எடுங்கள். ஃப்ளூக்கில் வயிற்றில் ஒரு பிளவும் முதுகில் ஒரு பள்ளமும் இருக்கும். முனை அந்தப் பள்ளத்தில் படுக்க வேண்டும். வேண்டுமானால் நுனியை மட்டும் தோலில் லேசாகச் செருகிவிடலாம், பாசி சிக்காது.

கோட்டைத் தாண்டிக் குத்தினால் தொப்பை தள்ளும், முன்னால் குத்தினால் உடல் இறுகி வளையும். கோர்த்ததும் மேலிருந்து ஒருமுறை, பக்கத்திலிருந்து ஒருமுறை பாருங்கள். பிறகு கரைக்குப் பக்கத்திலேயே போட்டு இழுத்துப் பாருங்கள். சுற்றினால் வீசவே வேண்டாம், கழற்றி மறுபடி கோர்த்துப் பாருங்கள்.

சரியாகக் கோர்த்தாலும் வேகமாகச் சுருட்டினால் கொஞ்சம் முறுக்கு ஏறத்தான் செய்யும். லூருக்கு அரை மீட்டர் மேலே ஒரு சின்ன ஸ்விவல் (இரு பக்கமும் கண் உள்ள சுழலும் இணைப்பு) வைத்துவிடுங்கள். ஸ்பின்னிங் ரீலில் பிரெய்டு (பின்னிய லைன்) போட்டிருந்தால் லீடர், அதாவது லூருக்கு முன்னால் கட்டும் வேறு ரக லைன் துண்டு, கட்டாயம். பிரெய்டு துணிநூல் போலத் துவண்டு, தொய்வு கொடுக்கும்போதெல்லாம் முள்ளிலும் வாலிலும் சுற்றிக்கொள்ளும். லீடர் கொஞ்சம் விறைப்பாக இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. ஃப்ளூரோகார்பன் லைன் தண்ணீரில் மூழ்கும், மோனோ (ஒற்றை இழை நைலான்) கிட்டத்தட்ட மிதக்கும். லூர் மேலேயே நிற்க வேண்டும் என்றால் மோனோ லீடர், கொஞ்சம் இறங்க வேண்டும் என்றால் ஃப்ளூரோ.

அப்புறம், பாக்கெட்டிலிருந்து எடுக்கும்போதே வால் வளைந்திருக்கிறதா பாருங்கள். அப்படி இருந்தால் எவ்வளவு நேராகக் கோர்த்தாலும் பயனில்லை. கொதித்து இறக்கிய தண்ணீரில் சில நொடிகள் முக்கி, தட்டையான இடத்தில் நேராக வைத்து ஆறவிடுங்கள், பழைய வடிவம் வந்துவிடும்.

* * *

இரட்டை ஃப்ளூக் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லையே. எனக்கு அதில் கிடைத்த காட்சி மாதிரி வேறெதிலும் கிடைத்ததில்லை.

விடியற்காலை. பாஸுக்கு இரையாகும் ஷாட் மீன்கள் கரையோரப் புற்களில் உரசி முட்டையிடும் நேரம், தண்ணீர் மேற்பரப்பு முழுக்கச் சின்னச் சின்னச் சிலிர்ப்பு. சூரியன் ஏறினால் முடிந்துவிடும் ஆட்டம் அது. ஒற்றை லூருக்கு மீன் வந்து வந்து திரும்பியது. இரண்டைக் கட்டினேன். மெயின் லைனை ஒரு ஸ்விவலின் ஒரு கண்ணில் கட்டாமல் சும்மா நுழைத்துவிட்டு, நுனியில் இன்னொரு ஸ்விவலைக் கட்ட வேண்டும். முதல் ஸ்விவல் லைனில் தாராளமாக ஓடும். அதன் மறு கண்ணில் ஒரு முழத்துக்கும் குறைவான லீடர், நுனி ஸ்விவலில் அதைப்போல இரண்டு மடங்கு லீடர். இரண்டிலும் எடையில்லாத ஃப்ளூக். லீடர்கள் ஒரே நீளமாக இருந்தால் லூர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், அதில் கவனம் வேண்டும்.

சுண்டினால் ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். பின்னால் இருந்த லூரை ஒரு பாஸ் எடுத்தது. அது இழுத்துக்கொண்டு ஓடும்போது முன்னால் இருந்த லூர் மெயின் லைனில் வழுக்கியபடி அதன் தலைக்கு மேலே துடித்துக்கொண்டே போனது. மாட்டிய மீனின் வாயிலிருந்து இரை தப்பித்து ஓடுகிறது என்று நினைத்திருக்க வேண்டும், இன்னொரு பாஸ் கீழிருந்து வந்து அதை அடித்தது. இரண்டு மீனும் இரண்டு திசையில் இழுத்தன. ஓடும் ஸ்விவல் இருந்ததால் ஒன்றின் இழுப்பு மற்றதன் முள்ளைப் பிடுங்கவில்லை. இரண்டையுமே கரை சேர்த்தேன்.

எல்லா நீர்நிலையிலும் ஒரு லைனில் இரண்டு லூர் அனுமதி கிடையாது. விதியைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

* * *

சின்னதாக ஒன்று. மேற்பரப்பு லூரை பாஸ் அடித்துத் தவறவிட்டால் அதே லூரை மறுபடி அங்கே போடாதீர்கள். நான் இன்னொரு ராடில் ஃப்ளூக்கைத் தயாராகக் கோர்த்து வைத்திருப்பேன். தண்ணீரில் அந்த வளையம் கலைவதற்குள் அதன் நடுவில் போட்டுவிட்டு, சுண்டக்கூடச் செய்யாமல் மூழ்கவிடுவேன். அடிபட்டு மயங்கிய இரை விழுகிறது என்று எடுத்துக்கொள்ளும். பாப்பர் மாதிரி மேற்பரப்பு லூரைத் தவறவிட்ட மீன்களில் என் கைக்கு வந்தவை பெரும்பாலும் இப்படி வந்தவைதான்.

* * *

நண்பர்கள் எழுதியதோடு ஒரு கவலையையும் சேர்க்கிறேன். இந்த லூரைப் பெரும்பாலும் நின்றிருக்கும்போதுதான் மீன் எடுக்கிறது, உப்புச் சேர்த்த மென்மையான உடல் என்பதால் சட்டென்று துப்புவதும் இல்லை. கவனிக்காமல் விட்டால் முள் தொண்டைக்குள் போய்விடும். எனவே கண் லைனிலேயே இருக்க வேண்டும். லைன் தண்ணீரைத் தொடும் இடத்தில் ஒரு துள்ளல், அல்லது காற்றுக்கு எதிராக ஒரு நகர்வு, அல்லது இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காமல் நிற்பது: மூன்றில் எது தெரிந்தாலும் தொய்வைச் சுருட்டி, பாரம் தட்டுப்பட்டதும் ராடை அகலமாக இழுங்கள். தலைக்கு மேல் ஓங்கி வெட்டினால் தொய்வைத்தான் வெட்டுவீர்கள், முள் ஏறாது.

இத்தனைக்குப் பிறகும் ஆழமாக விழுங்கியிருந்தால், விடப்போகிற மீனிடமிருந்து முள்ளைப் பிடுங்காதீர்கள். லைனை முள்ளுக்கு அருகில் வெட்டிவிட்டு விடுவது மீன் பிழைக்க நல்லது. செவுளில் ரத்தம் கசியக் கசிய ஒருவர் இடுக்கியால் குடைந்துகொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன், ஒரு முள்ளுக்காக. மனசு ஆறவில்லை.

கிழிந்த ரப்பரைத் தண்ணீரில் எறிவதும் அப்படித்தான். மீன் அதை விழுங்கும், அது செரிக்காது, உள்ளேயே ஊறிப் பருக்கும். என் பையில் பழையதற்கென்று தனி டப்பா இருக்கிறது.

* * *

டப்பா என்றதும் ஞாபகம் வருகிறது. இசட்-மேன் நிறுவனத்தின் எலாஸ்டெக் ரப்பரை மற்ற ரப்பரோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள், இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். அதன் சொந்த பாக்கெட்டிலேயே வைத்திருங்கள். அது மிதக்கும் ரகம், எடையில்லாமல் கோர்த்தால் ஃப்ளூக் மாதிரி இறங்காது என்பதும் நினைவிருக்கட்டும். பாசி மேல்மட்டத்துக்குச் சற்று கீழே படர்ந்திருக்கும் இடத்தில் அதுவே வசதி.

காற்று அடிக்கும் நாளில், அல்லது பாஸ் ஆழம் போய்விட்ட நாளில் என்ன செய்கிறீர்கள்? எடையில்லாத லூர் அங்கே போய்ச் சேருவதே இல்லை.

* * *

ஆணி எடை. 1/32 அவுன்ஸ் ஈயம் அல்லது டங்ஸ்டன் ஆணி ஒன்றை வயிற்றுப் பிளவில், முள்ளின் வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் செருகிப் பாருங்கள். படுத்த நிலை மாறாமல் சற்று வேகமாக இறங்கும். மூக்கில் செருகினால் தலைகுப்புற இறங்கும், எனக்கு அது ஒத்துவந்ததில்லை. 1/16க்கு மேல் போனால் அந்தப் பக்கவாட்டுப் பாய்ச்சலே செத்துவிடும், அதற்குப் பதில் வேறு லூர் போடுவது மேல். குளிர்ந்த தண்ணீரில் 1/32 போட்டு ஒரு சுண்டு, பிறகு பத்து நொடி எண்ணிக் காத்திருப்பேன். ஏழு எட்டு எண்ணும்போது லைன் பக்கவாட்டில் நகர ஆரம்பிக்கும்.