மாவேலி கதையில் சாதி வரலாறு இருக்கிறதா?

முல்லைநிலவன்:
மாவேலி, அதாவது மகாபலி, ஆண்ட காலத்தில் மனிதரெல்லாம் ஒன்றுபோல் இருந்தார்கள் என்ற ஓணப்பாட்டைக் கேட்கும்போதெல்லாம், சாதி வருமுன் கேரளத்தில் இருந்த ஓர் உழவர் அரசின் நினைவு அதில் தங்கியிருப்பதாகவே எனக்குப் படுகிறது. வாமனன் என்ற பார்ப்பனச் சிறுவனாக வந்து மூன்றடி மண் கேட்ட திருமால், கொடுத்தவனின் தலையிலேயே காலை வைக்கிறான். மராட்டியச் சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலே 1873இல் எழுதிய ‘குலாம்கிரி’ (அடிமைத்தனம்) நூலில் மகாபலியை உழைக்கும் மக்களின் மன்னனாகவே கண்டார். துன்பம் ஒழிந்து பலியின் ஆட்சி வரட்டும் என்று மராட்டிய உழவர்கள் இன்றும் வேண்டிக்கொள்கிறார்கள்.

ஏட்டுச்சுவடி:
புலேயின் அறச்சீற்றத்தை மதிக்கிறேன். ஆனால், அந்த வாசிப்பை நடந்த வரலாறாகக் கொள்ள நூல்கள் இடந்தரவில்லை. பாகவதத்தில் பலி காசியபரின் வழிவந்தவன், வாமனர் அதே காசியபரின் மகன், பலியின் குருவான சுக்கிராசாரியாரும் பிராமணர். வேள்வி நடந்த இடமோ நர்மதையின் வடகரை. நம் மதுரைக்காஞ்சி, மதுரையில் கொண்டாடிய ஓணத்தை அவுணரை (அசுரரை) வென்ற மாயோனின் நன்னாள் என்கிறது. அங்கே பலிக்காக வருந்துவோர் எவரும் இல்லை. ஓணத்தின் மூலத்தலமாகக் கருதப்படும் கேரளத்துத் திருக்காக்கரைக் கோயிலிலும் மூலவர் வாமனர்தான்.

முல்லைநிலவன்:
நூல் எழுதியவர்களை விட்டுவிட்டு, நிலவுடைமையாளரான ஜென்மியின் முற்றத்துக்கு வாருங்கள். ஓணம் நெருங்கும்போது குடியானவர் தாம் விளைவித்ததிலேயே நல்ல நேந்திரவாழைக் குலையைத் தோளில் சுமந்துபோய், ‘ஓணக்காழ்ச்ச’ (ஓணக் காணிக்கை) என்று அந்த முற்றத்தில் இறக்கிவைக்க வேண்டும். பதிலுக்கு ஓணப்புடவையாக ஒரு துணி கிடைக்கும். வயலில் உழைத்த புலையருக்கோ மண்ணில் குழி பறித்து, அதில் இலையை வைத்துக் கஞ்சி ஊற்றினார்கள். அப்படி உண்டவர்கள் வாழ்ந்த நாட்டில், எல்லாரும் ஒன்றுபோல் இருந்த காலத்தைப் பற்றிய பாட்டு வெறும் பக்திப் பாட்டாக இருந்திருக்க முடியுமா? 1917இல் கேரளத்துச் செறாயியில் ஈழவரையும் புலையரையும் ஒரே பந்தியில் அமர்த்திய சீர்திருத்தவாதி சகோதரன் ஐயப்பன், அந்தப் பாட்டையே எடுத்துச் சாதிக்கும் வாமன வழிபாட்டுக்கும் எதிராக விரித்து எழுதியது தற்செயலன்று.

ஏட்டுச்சுவடி:
இது உங்கள் முதல் வாதத்திலிருந்து வேறானது. இதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். பலி என்றோர் அரசன் இருந்தானா என்பதைவிட, குழியில் கஞ்சி குடித்தவர்களுக்கு அப்படியோர் அரசன் ஏன் தேவைப்பட்டான் என்பதற்கே இங்கே சான்று உள்ளது. ஆகவே ‘சாதி வருமுன் இருந்த அரசு’ என்ற தொடரை நீங்கள் விட்டுவிட வேண்டும். இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள்: ஓணத்துக்கு முற்றத்தில் இடும் பூக்கோலமான பூக்களத்தில் வைக்கும் களிமண் கூம்பைத் திருக்காக்கரையப்பன் என்று சொல்லி வாமனராக வழிபடும் வீட்டிலேயே மாவேலியின் வருகைக்கும் காத்திருக்கிறார்கள். வென்றவன், வீழ்ந்தவன் என்ற இரு கட்சிகளாக இதைப் பிரிப்பது எளிதன்று.

முல்லைநிலவன்:
அந்தத் தொடரை விட்டுவிடுகிறேன். ஆனால் 1970 ஜனவரி 1 அன்று நிலச்சீர்திருத்தம் ஜென்மி முறையை ஒழித்தது நேற்று நடந்ததுபோல்தான். காழ்ச்சக்குலை சுமந்தவர்களின் பிள்ளைகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பாகவதத்தைப் புரட்டுமுன், அவர்கள் வீட்டில் மாவேலியைப் பற்றி என்ன சொல்லி வளர்த்தார்கள் என்று கேட்டு எழுதிவைக்க விரும்புகிறேன்.