"எங்க ஊருக்கு முதல்ல யாரு வருவாங்க?"

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், கடலை விட்டு இவ்வளவு தள்ளி மலைமேல் இருக்கும் ஏற்காட்டையும் விட்டுவைக்காது என்று நாங்கள் எண்ணவில்லை. தொடர்ந்து கொட்டிய மழையில், இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சேலம் மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து நின்றுபோனது.

பள்ளி திறந்ததும் ஒன்பதாம் வகுப்பில் பேரிடர் மேலாண்மைப் பாடத்தைத் தொடங்கினேன். பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, பாதை அடைஞ்சிட்டா எங்க ஊருக்கு முதல்ல யாரு வருவாங்க?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. பாடத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, அவரவர் ஊர்ப் பெரியவர்களிடம் விசாரித்து வரச் சொன்னேன்.

ஒரு மாணவன் தன் பாட்டியையே வகுப்புக்கு அழைத்து வந்துவிட்டான். "அடைமழையில ஓடைத் தண்ணி திடீர்னு வத்துனாலும், செம்மண்ணாக் கலங்குனாலும் கரையில நிக்காதீங்க சாமி" என்றார் அவர். மேலே சரிந்த மண் ஓடையை அடைத்தால் நீர் குறையும், அந்த அடைப்பு உடைந்தால் சேறும் கல்லுமாக ஒரே மூச்சில் இறங்கும் என்று நான் விளக்கியபோது, அதுவரை எந்தப் பாடத்திலும் காணாத அமைதி வகுப்பில் நிலவியது. அச்சமூட்டும் காணொளிகளைக் காட்டி இந்த வயதுப் பிள்ளைகளை ஈர்க்க முடியாது என்பது என் உறுதியான கருத்து.

வாயை வெட்டிக் கவிழ்த்த தண்ணீர் பாட்டிலில் அளவுகோலை ஒட்டி மழைமானி செய்தோம். பத்து செ.மீ. மழை என்றால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 100 லிட்டர் நீர் என்று கணக்கிட்ட பிறகு, கூரைத் தண்ணீரைச் சரிவில் விடாமல் வாய்க்காலுக்குத் திருப்ப வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள்.

பாதை அடைந்தால் நடக்க இயலாதவர்களைத் தூக்கிச் செல்ல, மூங்கிலில் கம்பளியைக் கட்டித் தூளி தூக்கிப் பழகியதுதான் கடினமாக இருந்தது. முதல் முறை, இறக்கத்தில் முன்னால் சென்ற குள்ளமான பையனின் தோளிலிருந்து மூங்கில் நழுவியது. உள்ளே இருந்தது நோயாளி அல்ல, அவனுடைய வகுப்புத் தோழன்தான் என்பதால் சிராய்ப்போடு போயிற்று. அதன்பின் உயரம் பார்த்து ஆள் பிரித்து, இறங்கும்போது உயரமானவர்கள் முன்னால் செல்ல வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

நடக்க இயலாதவர்கள் இருக்கும் வீடுகளையும், ஒவ்வொரு வீட்டுக்கும் யார் ஓட வேண்டும் என்பதையும் பட்டியலிட்டு, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணுடன் ஊர்க் கோயில் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். கேள்வி கேட்ட மாணவியின் பெயர் மூன்று வீடுகளுக்கு எதிரே இருக்கிறது.