செயற்கைத் தோலில் ஒரே துளை மட்டும் வியர்க்கிறது: உதவி தேவை

கோத்தகிரி மாணவி:
வணக்கம். என் அம்மா கோத்தகிரிக்கு அருகே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். மழைக்காலத்தில் மேலே சுற்றிக் கட்டும் பிளாஸ்டிக் தாளுக்குள் வியர்வை தங்கி, மழை உள்ளே இறங்காத நாளிலும் ரவிக்கை நனைந்து, கை ஓய்ந்ததும் குளிர் எடுத்துவிடும் என்பார். தாளுக்கும் உடம்புக்கும் இடையில் எந்தத் துணி இருந்தால் ஈரம் விலகும் என்பதை ஆளை வைத்துச் சோதிக்காமல் அறிவதற்காக, வியர்க்கும் செயற்கைத் தோல் ஒன்றைக் கல்லூரித் திட்டப்பணியாகச் செய்துவருகிறேன்.

தோல் என்பது 3 செ.மீ. சதுரமும் 2 மி.மீ. கனமும் உள்ள சிலிக்கோன் ரப்பர் தகடு. மோட்டார் காயில் சுற்றும் கடையில் வாங்கிய 42 கேஜ் செம்புக் கம்பிகளை அச்சில் நிறுத்தி வார்த்தேன். உருவியபோது சுமார் 0.1 மி.மீ. விட்டத்தில் 36 துளைகள் கிடைத்தன. அடியில் நீர் அறையும் 35 டிகிரியில் நிற்கும் சூடேற்றியும் உள்ளன. தோலுக்கு 30 செ.மீ. உயரத்தில் தொங்கும் திறந்த பாட்டிலிலிருந்து, குழந்தைகளுக்குக் குளுக்கோஸ் ஏற்றும் சொட்டுக் குழாய் வழியாக நீர் வருகிறது.

மூலையில் உள்ள ஒரு துளையில் மட்டும் சொட்டு கடுகளவில் தோன்றி, மிளகளவாகி, தட்டைப்பயறு அளவுக்குப் பருத்து வழிந்துவிடுகிறது. மற்ற 35 துளைகளும் உலர்ந்தே இருக்கின்றன. அரை மணி நேரத்தில் அந்த ஒரு துளையும் நின்றுவிடுகிறது. நான்கு முறை செய்தும் இதே நிலைதான். எங்கே தவறு என்று சொல்லுங்கள்.

உதகை வாசகர்:
மலையில் காற்றழுத்தம் குறைவு என்பது ஒரு காரணமாகலாம். மூடுபனி நாளில் காற்று ஈரத்தால் நிறைந்திருப்பதால் நீர் ஆவியாகாமல் ஓரிடத்தில் தேங்கவும் கூடும். பாட்டிலை இன்னும் உயர்த்திப் பாருங்களேன்.

குன்னூர், ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்:
உதகை நண்பர் பொறுத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் காரணமல்ல என்பது என் கருத்து. பாட்டில் திறந்திருப்பதால் காற்றழுத்தம் பாட்டில் நீரின் மீதும் தோலின் மீதும் சமமாகவே அழுத்துகிறது. 12 டிகிரி மூடுபனிக் காற்றில் நீராவி அழுத்தம் சுமார் 14 மில்லிபார். 35 டிகிரி ஈரத்தோலின் மீது அது 56 மில்லிபார். நான்கு மடங்கு வேறுபாடு இருக்கும்போது பனியிலும் வியர்வை ஆவியாகத்தான் செய்யும்.

அம்மா, உண்மையான காரணம் நீரின் பரப்பு இழுவிசை. 0.1 மி.மீ. வாயிலிருந்து வெளிவரும் நீர் முதலில் அரைக்கோளமாகப் பிதுங்கியாக வேண்டும். அதற்கு ஏறத்தாழ 29 செ.மீ. நீர்மட்ட அழுத்தம் தேவை. உங்கள் பாட்டில் அந்த விளிம்பில் நிற்கிறது. வாய் இம்மி பெரிதாக உள்ள துளை முதலில் திறந்துகொள்கிறது. அரைக்கோளத்தைத் தாண்டிய சொட்டோ, பெருக்கப் பெருக்க உள்ளழுத்தம் குறைந்து, மற்றத் துளைகளுக்குப் போக வேண்டிய நீரையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது.

துளையின் உராய்வு இதைத் தடுக்காதா என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடுமையாக உழைப்பவர் மணிக்கு ஒரு லிட்டர் வியர்ப்பதாகவும் உடல் பரப்பு 1.8 சதுர மீட்டர் என்றும் கொண்டால், உங்கள் 9 சதுர செ.மீ. தகட்டுக்கு மணிக்கு 0.5 மி.லி. போதும். அந்த வேகத்தில் ஒரு துளையின் உராய்வு நீர்மட்டத்தில் 0.2 மி.மீ. அளவே, வாயின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு வேறுபட்டாலோ திறக்கும் அழுத்தம் 3 செ.மீ. மாறிவிடும். ஆகவே பாட்டிலைச் சற்று உயர்த்தினால் அதே சொட்டுதான் இன்னும் வேகமாகப் பருக்கும்.

ஒவ்வொரு துளைக்கும் அடியில் தனித்தனியாக ஒரு தடை வேண்டும். குடிநீர்ச் சோதனையில் பாக்டீரியாவை எண்ணப் பயன்படும் 0.45 மைக்ரான் நுண்துளைகளும் 47 மி.மீ. விட்டமும் உள்ள சவ்வு வடிகட்டி உங்கள் தகட்டை முழுதும் மூடும். அதைத் தகட்டின் அடியில் இடைவெளியே இல்லாமல் ஒட்ட வேண்டும். இடைவெளி இருந்தால் நீர் பக்கவாட்டில் ஓடி மறுபடியும் ஒரே துளைக்குச் சேர்ந்துவிடும். புதிதாக வார்த்து, கம்பிகளின் அடிமுனையை மட்டமாக வெட்டி, கம்பிகள் உள்ளிருக்கும்போதே மெல்லிய சிலிக்கோன் பூச்சில் சவ்வை ஒட்டி, இறுகிய பின் மேற்பக்கமாக உருவுங்கள்.

மேலும், சிலிக்கோன் நீரை ஒட்டவிடாது. மனிதத் தோலிலோ வியர்வை நுண்ணிய வரிகளில் பரவும். ஈரமாக்கிய மெல்லிய மல் துணியைத் தகட்டின் மேல் இழுத்துக் கட்டினால், சொட்டு உருளும் முன்பே துணி அதை வாங்கிப் பரப்பும். ஆடைகளைச் சோதிக்கும் வியர்க்கும் பொம்மைகளுக்கும் துணித் தோல் அணிவிப்பது உண்டு.

அரை மணியில் ஓட்டம் நிற்பதற்குக் காரணம் காற்றுக் குமிழிகள். கடல்மட்டத்தில் 10 டிகிரி நீர் லிட்டருக்குச் சுமார் 11 மி.கி. ஆக்சிஜனைத் தாங்கும்; 35 டிகிரியில் 7 மி.கி.தான். நம் உயரத்தில் இரண்டும் குறையும், விகிதம் மாறாது. குளிர்ந்த நீர் உங்கள் அறையில் சூடேறும்போது மிகுதிக் காற்று வெளிவந்து துளையை அடைக்கிறது. நீரைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, மூடி, வெதுவெதுப்பாக ஆறியதும் குலுக்காமல் ஊற்றுங்கள். கோத்தகிரியில் 94 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். இதற்கு அது போதும்.

கோத்தகிரி மாணவி (இரண்டு வாரங்களுக்குப் பின்):
ஐயா, மிக்க நன்றி. முதல் சவ்வின் ஒரு ஓரம் ஒட்டாமல் போனதால் பழையபடி மூலையிலேயே நீர் வந்தது. இரண்டாவது தகட்டில், துணி கட்டும் முன் பாட்டிலை 45 செ.மீ. உயரத்தில் வைத்தபோது 36 துளைகளில் 31 வியர்த்தன. ஊசிமுனை அளவில் மினுமினுத்தபடி வரிசையாக நின்றதைப் பார்த்து அம்மாவையும் அழைத்துக் காட்டினேன். குழாயில் 60 சொட்டு ஒரு மி.லி.; மணிக்கு 34 சொட்டு விழுகிறது. மூன்று மணி நேரம் நிற்காமல் ஓடியது. மனித வியர்வையைப் போல உப்பும் கலக்க வேண்டுமா?

குன்னூர், ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்:
இப்போது வேண்டாம், அம்மா. வியர்வையில் 99 விழுக்காடு நீர்தான். உப்பு துளை வாயில் படிந்து அடைத்துவிடும். துணிகளை ஒப்பிடும் வரை காய்ச்சி வடித்த நீரே போதும். ஒவ்வொரு துணியையும் சோதனைக்கு முன்னும் பின்னும் எடை போட்டுக் குறித்துவையுங்கள். பிளாஸ்டிக் தாளின் உட்புறம் படியும் நீரைத் தனியாக ஒற்றி எடை போடுங்கள்.

கோத்தகிரி மாணவி:
அப்படியே செய்கிறேன், ஐயா. நாளை பருத்தித் துணியையும் அம்மாவின் பழைய கம்பளியிலிருந்து வெட்டிய துண்டையும் தாளுக்கு அடியில் வைத்து, இரண்டின் எடையையும் இங்கே எழுதுகிறேன்.